உறக்கத்தை அளக்கும் தாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சேலம் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பல, ஒரே பொருளை வெவ்வேறு பக்கங்களிலிருந்து தொட்டிருந்தன. முடக்குவாதம் போன்ற அழற்சி மூட்டுவாதம் உள்ளவர்களின் உறக்கத்தை அறிய, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கப்பட்ட வினாத்தாளை எந்த நிலையில் நம்பலாம் என்பதே அந்தப் பொருள். கேட்டவர்களில் ஆய்வு செய்பவர்களும் உண்டு, அந்தத் தாளை நிரப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. ஆகவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் முதுநிலை மருத்துவ மாணவி. முடக்குவாத நோயாளிகளுக்காகப் பிட்ஸ்பர்க் உறக்கத் தரக் குறியீடு என்னும் வினாத்தாளைத் தமிழாக்கி, புறநோயாளிகள் நாற்பது பேரிடம் நிரப்பி வாங்கினேன். கிரான்பாக் ஆல்ஃபா 0.78 வந்திருக்கிறது. நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு மதிப்பெண்ணும் கூடுதலாக இருக்கிறது. தமிழ் வடிவத்தின் ஏற்புடைமை, அதாவது அளக்க வேண்டியதையே அது அளக்கிறது என்பது, நிறுவப்பட்டது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? — ஒரு மாணவி, சேலம்

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். தாங்கள் செய்திருப்பது வீண் அல்ல. ஆனால் அது நல்ல தொடக்கம் மட்டுமே. ஆல்ஃபா 0.70-க்கு மேல் இருந்தால் போதும் என்ற வழக்கு நம் ஆய்வேடுகளில் வேரூன்றிவிட்டது. அந்த எண் சொல்வது, வினாக்களுக்கான விடைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நகர்கின்றன என்பதை மட்டுமே. எதனால் சேர்ந்து நகர்கின்றன என்பதை அது சொல்லாது. எல்லா விடைகளையும் மூட்டு வலியே இழுத்துச் சென்றாலும் ஆல்ஃபா உயர்வாகத்தான் வரும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைத் தராசின் தட்டில் அரக்கு ஒட்டியிருந்தால், பத்து முறை நிறுத்தாலும் அது ஒரே எடையைக் காட்டும். ஆனால் அது வெள்ளியின் எடை ஆகாது. மூட்டுவாத நோயாளிகளிடம் உறக்க வினாத்தாளைச் சோதிப்பவர் விடை காண வேண்டிய முதன்மைக் கேள்வி, இந்தத் தாள் உறக்கத்தை அளக்கிறதா, அல்லது ஏற்கெனவே வேறு வழியில் அளந்துவிட்ட வலியையும் விறைப்பையும் மறுபடியும் அளக்கிறதா என்பதுதான்.

இந்த ஐயம் ஏன் எழுகிறது என்பதை அறிய, குறியீட்டின் கணக்கைச் சற்று உள்ளே சென்று பார்க்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு வெளியான அந்தப் படிவத்தில் நோயாளி தாமே விடையளிக்கும் 19 வினாக்கள் உண்டு. அவை ஏழு கூறுகளாகத் தொகுக்கப்பட்டு, ஒவ்வொரு கூறுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தரப்பட்டு, மொத்தம் 0 முதல் 21 வரை அமையும். ஐந்துக்கு மேல் வந்தால் உறக்கம் நன்றாக இல்லை என்று கொள்வர். மூல ஆய்வில் ஆல்ஃபா 0.83 ஆக இருந்தது. ஐந்து என்ற அந்த எல்லைக்கோடு நன்றாக உறங்கும் 52 பேர், மனச்சோர்வு நோயாளிகள் 54 பேர், உறக்கக் கோளாறு உள்ளவர்கள் 62 பேர் ஆகியோரின் விடைகளிலிருந்து பெறப்பட்டது என்பதைக் கவனியுங்கள். மூட்டுவாத நோயாளிகள் அங்கே ஒரு குழுவாக இருக்கவில்லை.

வலியைப் பற்றி நேரடியாகக் கேட்கும் வினா ஒன்றுதான் ஊறு செய்யும் என்று பலரும் நினைக்கின்றனர். கணக்கோ வேறு மாதிரி. வலியால் உறக்கம் கெட்டதா என்ற வினா, உறக்கத்தைக் குலைக்கும் காரணங்களைக் கேட்கும் ஒன்பது வினாக்களில் ஒன்று. அவற்றின் கூட்டுத்தொகை 1 முதல் 9 வரை இருந்தால் அந்தக் கூறுக்கு ஒரே ஒரு மதிப்பெண்தான். வாரத்தில் மூன்று இரவுகளோ அதற்கு மேலோ வலியால் விழிக்கும் ஒருவர், வேறு எந்தக் காரணமும் இல்லையென்றால், அந்தக் கூறில் 1 மட்டுமே பெறுவார். உண்மையான கலப்பு நிகழ்வது உறக்கத் திறன் என்னும் கூறில். அது உறங்கிய மணிகளை, படுக்கையில் இருந்த மணிகளால் வகுத்துக் கிடைக்கும் விழுக்காடு. இரவு 10 மணிக்குப் படுத்து, அரைமணி நேரத்தில் உறங்கி, காலை 5 மணிக்கு விழிக்கும் ஒருவர் உறங்கியது ஆறரை மணி நேரம். விழித்தவுடன் எழுந்துவிட்டால் படுக்கையில் இருந்தது ஏழு மணி நேரம், திறன் 92 விழுக்காட்டைத் தாண்டும், மதிப்பெண் 0. அதே மனிதருக்குக் காலை விறைப்பு இருந்து, விரல்களையும் முழங்கால்களையும் மடக்க முடியாமல் 7 மணி வரை படுத்தே கிடந்தால், படுக்கையில் இருந்தது ஒன்பது மணி நேரம், திறன் 72 விழுக்காடு, மதிப்பெண் 2. உறங்கிய நேரத்தில் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. விறைப்பு, உறக்கக்கேட்டின் வேடத்தில் கணக்கில் ஏறிவிட்டது.

தமிழ் வடிவத்தில் வினாவின் வரிசையையோ கணக்கையோ மாற்றி இதைச் சரிசெய்ய உங்களுக்கு உரிமை இல்லை. மாற்றினால் பிற நாட்டு ஆய்வுகளோடு ஒப்பிடவும் இயலாது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலையில் விழித்த நேரத்தையும் படுக்கையை விட்டு எழுந்த நேரத்தையும் தனித்தனியே குறிக்கும் ஒரு துணை வினாவைப் படிவத்துக்கு வெளியே, தனித் தாளில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உறக்கத் திறனை இரு விதமாகவும் கணக்கிட்டு, வேறுபாடு எவ்வளவு என்பதை ஆய்வேட்டில் காட்டுங்கள். என்னைக் கேட்டால், அந்த ஒரு அட்டவணை உங்கள் ஆல்ஃபாவைவிடப் பிறருக்குக் கூடுதலாகப் பயன்படும்.

இனி, நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு மதிப்பெண்ணும் கூடுதல் என்று தாங்கள் காட்டியிருக்கும் சான்று. இதைத்தான் பல ஆய்வேடுகளும் தெரிந்த குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு என்ற தலைப்பில் பெருமையோடு வைக்கின்றன. 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து நோயின் கடுமையைக் கணக்கிடும் டி.ஏ.எஸ். 28 அளவீட்டில் 2.6-க்குக் கீழ் இருக்கும் நோய் தணிந்தவர்களையும் 5.1-க்கு மேல் இருக்கும் நோய் கடுமையானவர்களையும் ஒப்பிட்டால், வலியை மட்டுமே அளக்கும் எந்தத் தாளும் அதே வேறுபாட்டைக் காட்டியிருக்கும். ஆகவே உங்கள் கேள்விக்கு இந்த ஒப்பீடு எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. நோயின் கடுமை ஏறத்தாழ ஒரே அளவில் உள்ளவர்களை எடுத்துக்கொண்டு, படிவத்தின் மதிப்பெண்ணை அறியாத ஒரு மருத்துவர் நேர்காணலில் தூக்கமின்மை உண்டு என்று முடிவு செய்தவர்களையும் இல்லை என்று முடிவு செய்தவர்களையும் இந்தத் தாள் பிரித்துக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிரித்துக் காட்டினால் அது கனமான சான்று.

இரண்டு அளவீடுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழுக்களையும் இதே நோக்கில் திட்டமிட வேண்டும். ஏழு வினாக்கள் கொண்ட தூக்கமின்மைத் தீவிரக் குறியீட்டில் வலி பற்றிய வினாவே இல்லை. அதைத் துணை அளவீடாக வைத்துக்கொள்வது நல்லது. நானாக இருந்தால், அதனோடு ஒட்டுறவு 0.6-க்குக் குறையாது என்றும், வலி அளவுகோலோடும் டி.ஏ.எஸ். 28-ஓடும் 0.2-க்கும் 0.5-க்கும் இடையில் நிற்கும் என்றும் தரவு சேர்க்கும் முன்பே எழுதி, தேதியிட்டு வைத்துவிடுவேன். வலியோடு ஒட்டுறவு அறவே இல்லையென்றாலும் ஐயப்பட வேண்டும். முடக்குவாத நோயாளிகளை ஒரு பகுதி இரவு விழித்திருக்கச் செய்து பார்த்த ஆய்வில், மறுநாள் அவர்களுடைய வலியும் சோர்வும் கூடின என்பது 2012-இல் வெளியானது. இரண்டுக்கும் உறவு உண்மையிலேயே உண்டு. உறவு இருக்க வேண்டும், ஆனால் இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது. முடிவைப் பார்த்த பிறகு எதிர்பார்ப்பை எழுதுவது நம்மிடையே பரவலான பழக்கம். அது சோதனை ஆகாது.

மணிக்கட்டில் கட்டும் அசைவுமானியை ஒப்பீட்டுக்கு வைக்கலாமா என்று வழிகாட்டிகள் சிலர் கேட்பதுண்டு. அது அசையாமல் கிடப்பதையெல்லாம் உறக்கம் என்று எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. திரும்பிப் படுக்கவே அஞ்சி விழித்துக் கிடக்கும் மூட்டுவாத நோயாளியிடம் அந்தப் பிழை மேலும் பெருகும். மணிக்கட்டிலேயே வீக்கம் உள்ளவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாரம் எழுதி வைக்கும் உறக்க நாட்குறிப்பு செலவில்லாதது, இந்த வேலைக்குப் போதுமானது.

அதே நபரிடம் அதே தாளை மீண்டும் கொடுத்துப் பார்க்கும் மறுசோதனை மீதியிருக்கிறது. படிவம் கேட்பது கடந்த ஒரு மாத உறக்கத்தை. இரண்டு வாரத்தில் மீண்டும் கேட்டால் பாதி இரவுகள் இரு கணக்கிலும் வரும். ஒற்றுமை சற்றுக் கூடுதலாகத் தெரியும். இரண்டு மாதம் கழித்துக் கேட்டாலோ மூட்டுவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்கி நோயே மாறியிருக்கும். ஆகவே இரண்டு வாரத்தைக் கொள்ளுங்கள். இடையில் மருந்தோ ஸ்டீராய்டு அளவோ மாறாதவர்களை மட்டும் சேர்த்து, உங்கள் உறக்கம் முன்பு போலவே இருக்கிறதா என்ற ஒற்றை வினாவுக்கு ஆம் என்றவர்களிடம் கணக்கிட்டு, மேற்சொன்ன குறையையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். மேட்டூரிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் வருபவர்களை இரண்டு வாரத்தில் மறுபடி அழைப்பது எளிதல்ல என்பது தெரியும். அதற்காக முதல் முறை நேரிலும் இரண்டாம் முறை தொலைபேசியிலும் கேட்டால், முறை மாறியதால் வந்த வேறுபாட்டையும் காலத்தால் வந்த வேறுபாட்டையும் பிறகு பிரிக்க முடியாது. பேருந்துக் கட்டணத்துக்கு ஆய்வுச் செலவில் இடம் ஒதுக்குவதே நேரான வழி.

கேள்வி: இத்தகைய ஆய்வுக்கு எத்தனை நோயாளிகள் தேவை? மொழிபெயர்ப்புக்கு ஒருவர் போதாதா? — ஓர் உதவிப் பேராசிரியர், சேலம்

பதில்: வினாக்களின் எண்ணிக்கையைப் போல் ஏழு மடங்கு, அதுவும் 100-க்குக் குறையாமல் என்பது வினாக்கள் எந்தெந்தத் தொகுதிகளாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்குக் கோஸ்மின் என்னும் பன்னாட்டு வழிகாட்டுதல் நல்லதென ஏற்கும் அளவு. மறுசோதனைக்கு 50 பேராவது வேண்டும். வராமல் போவோரையும் எண்ணிக்கொண்டு தொடங்குங்கள்.

மொழிபெயர்ப்புக்கு ஒருவர் போதாது. பலரும் பின்பற்றும் முறையில் இருவர் தனித்தனியே தமிழாக்கி, இரண்டும் ஒன்றாக்கப்பட்டு, மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கி, ஒரு குழு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, பின் 30 முதல் 40 நோயாளிகளிடம் முன்சோதனை நடக்கும். மீள்மொழிபெயர்ப்பு மூலத்தோடு அச்சாகப் பொருந்திவிட்டால் மகிழ்ந்துவிடாதீர்கள். நோயாளிக்குப் புரியாத விறைத்த தமிழும் அப்படியே ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகும். முன்சோதனையில் ஒவ்வொருவரிடமும் எதை மனத்தில் வைத்து இந்த விடையைச் சொன்னீர்கள் என்று கேட்பதில்தான் உண்மை வெளிப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், படிவத்தின் உரிமை பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திடம் இருப்பதால் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். ஏற்கெனவே தமிழ் வடிவம் உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். இருந்தால் உங்கள் வேலையில் பாதி குறையும்.

கேள்வி: ஏற்காட்டில் செவிலியராகப் பணிபுரிகிறேன். சேலம் நகர நோயாளிகளிடம் சோதித்த தமிழ் வினாத்தாளை எங்கள் மலைக் கிராமங்களில் அப்படியே பயன்படுத்தலாமா? பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். — ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: மொழி ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று கொள்ள முடியாது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்க, தாங்கள் ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கிறீர்கள். உறக்கத்தைக் குலைக்கும் காரணங்களில் அதிகக் குளிர், அதிக வெப்பம் என்று இரண்டு தனி வினாக்கள் உள்ளன. சித்திரையில் சேலத்தில் ஓடு போட்ட வீட்டில் படுப்பவரும், மார்கழியில் சேர்வராயன் மலையில் படுப்பவரும் அவற்றில் ஒரே மதிப்பெண் பெற்றாலும் இருவரின் உறக்கமும் ஒன்றல்ல. காப்பிப் பழம் பறிக்கும் குளிர்கால மாதங்களில் கைவேலை கூடுவதால் விரல் மூட்டுகளின் வலியும் வேறாக இருக்கும். ஆகவே மலையையும் நகரத்தையும் ஒப்பிட விரும்பினால் ஒரே பருவத்தில் தரவு சேர்ப்பது கட்டாயம்.

அதற்காக உங்களுக்கென்று தனி வடிவம் ஒன்றை இப்போதே உருவாக்கவும் வேண்டாம். மலையாளிப் பழங்குடி மக்களிலும் தோட்டத் தொழிலாளர்களிலும் மூட்டுவாதம் உள்ள சிலரிடம், விளக்கிச் சொல்லச் சொல்லும் முன்சோதனையை மட்டும் மறுபடி நடத்திப் பாருங்கள். தடுமாற்றம் இல்லையென்றால் நகர வடிவத்தையே கொண்டு, போதிய எண்ணிக்கை சேர்ந்ததும் எந்த வினா இரு இடங்களிலும் வேறுவிதமாக நடந்துகொள்கிறது என்பதைப் புள்ளியியல் வழியில் சோதிக்கலாம். பகல்தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் அளவுகோலைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை: அதன் எட்டுச் சூழல்களில் ஒன்று, ஒரு மணி நேரம் இடைவிடாமல் காரில் பயணியாகச் செல்வது. உங்கள் ஊரில் பலருக்கு அந்தப் பட்டறிவு, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சேலத்துக்கு இறங்குவதுதான். அதில் உறங்காதவரை விழிப்பானவர் என்று எழுதிவிட முடியாது.

வாசித்துக் காட்டுவது பற்றி. நோயாளி தாமே நிரப்பும் தாளும் பிறர் வாசித்து நிரப்பும் தாளும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டியவை. எழுதத் தெரிந்தவர்களிலும் விரல் வளைந்து பேனா பிடிக்க முடியாதவர்கள் உண்டு என்பதால், இது எழுத்தறிவை மட்டும் பொறுத்ததன்று. வாசிப்பவர் சிகிச்சை தரும் மருத்துவராகவோ, மாத்திரை கொடுக்கும் செவிலியராகவோ இருந்தால், பரவாயில்லைங்க, தூங்குறேன் என்ற மரியாதையான விடைதான் கிடைக்கும். உங்களுக்கே அது தெரிந்திருக்கும். வேறொருவர் வாசிக்கட்டும். மருமகளோ மகனோ அருகிலிருந்து விடை சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடிகாரம் பார்த்து உறங்காதவர்களிடம் முதல் பேருந்து வரும் நேரம் போன்ற அடையாளங்களைச் சொல்லி நேரத்தைக் கேட்கலாம். ஆனால் எந்த அடையாளங்கள் என்பதை முன்பே எழுதி வைத்து எல்லோரிடமும் அவற்றையே பயன்படுத்த வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைப்பவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி இருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை.

கேள்வி: விசைத்தறிக் கூடத்தில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என மாறி மாறி வேலை செய்கிறேன். முதுகெலும்பு மூட்டழற்சி இருக்கிறது. ஆய்வுக்குப் பெயர் கொடுத்தபோது, இரவு வேலை பார்ப்பவர்களைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இது சரியா? — ஒரு தொழிலாளர், கொண்டலாம்பட்டி

பதில்: அவர்களிடம் ஒரு காரணம் இருக்கிறது. வழக்கமாக இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்ற வினாவுக்கு உங்களால் ஒரே விடை தர இயலாது. முதுகெலும்பு மூட்டழற்சி வகையைச் சேர்ந்த அன்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் நோயில் பின்னிரவில் முதுகுவலி விழிக்கச் செய்வதும், எழுந்து நடந்தால் குறைவதும் நோயின் அடையாளங்களுள் ஒன்று. அந்தப் பின்னிரவில் நீங்கள் தறி முன்னால் நிற்கும் வாரங்களில் படிவம் எதை அளக்கும் என்பது தெளிவில்லை.

ஆனாலும் உங்களைத் திருப்பி அனுப்பியது எனக்கு உடன்பாடில்லை. தறியும் பட்டறையும் இரவெல்லாம் ஓடும் மாவட்டத்தில் முறைவேலை செய்பவர்களை நீக்கிவிட்டுச் சோதித்த தாள், பின்னர் அவர்கள் கையிலும் கொடுக்கப்படத்தான் போகிறது. சேர்த்துக்கொண்டு, தனிக் குழுவாகக் கணக்கிட்டு, அவர்களிடம் தாள் சரியாக வேலை செய்யவில்லை என்றால் அதையும் முடிவாக வெளியிடுவதே முறை.

கேள்வி: என் தாயாருக்கு முடக்குவாதம். மருத்துவமனையில் கொடுத்த உறக்கப் படிவத்தில் 11 மதிப்பெண் வந்தது என்றார்கள். உறக்க மாத்திரை தொடங்கிவிடலாமா? — ஒரு வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: படிவத்தின் மதிப்பெண் நோயறிதல் அன்று, அதை மட்டும் வைத்து மாத்திரை தொடங்கக் கூடாது. முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த பல ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து என்ற கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள். மேலே முதல் பதிலில் காட்டியபடி, அம்மாவின் 11-இல் எவ்வளவு காலை விறைப்பினால் வந்தது என்பதை மருத்துவரிடம் கூறு வாரியாகக் கேட்டுப் பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை மாலையில் எடுக்கிறாரா, குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டா, இரத்தச் சோகையினால் இரவில் கால் குடைச்சல் இருக்கிறதா, மனம் தளர்ந்திருக்கிறாரா என்பவற்றை அவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 6 என்னும் பொருள் இந்த நோயில் விடியலை ஒட்டி உயர்வதால், நோயைக் கட்டுக்குள் கொண்டுவருவதே பலருக்கு உறக்கத்துக்கும் முதல் மருந்தாகிறது. மருந்துகளை நீங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம்.

கேள்வி: தனியாக வசிக்கும் கைம்பெண் நான். படிவத்தின் கடைசியில் உடன் உறங்குபவர் சொல்ல வேண்டிய ஐந்து வினாக்கள் இருந்தன. எதையும் எழுதாமல் விட்டேன். என் தாளைக் கழித்துவிடுவார்களோ? — ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: கழிக்க மாட்டார்கள், அம்மா. அந்த ஐந்து வினாக்களும் மதிப்பெண்ணில் சேர்வதில்லை. குறட்டை, மூச்சு நிற்பது, கால் உதறுவது போன்றவற்றை அருகில் இருப்பவரிடம் கேட்டு அறிவதற்காக மட்டும் வைத்தவை. தாங்கள் விட்டது சரியே. தாளைக் கையில் கொடுப்பவரே இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆய்வு செய்யும் மாணவ மாணவியர் அந்தப் பக்கத்தின் மேலேயே இதை ஒரு வரியாக அச்சிட்டுவிடலாம்.